சாவடிக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே: ராயக்கோட்டை வட்டாரத்தில் நீதியின் எல்லை



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாக இன்று நாம் கூடியிருக்கிறோம். அவரைப் பத்திரிகை ஆசிரியராகவும் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற பிரதிநிதியாகவும் பலமுறை பேசியிருக்கிறோம். நீதிமன்றத்தோடு அவருக்கு இருந்த தொடர்பை அவ்வளவாகப் பேசவில்லை. 1893இல் அவர் தொடங்கிய 'பறையன்' இதழில் வெளிவந்த ஒரு கடிதத்துக்காக வழக்குத் தொடரப்பட்டு, நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பின்பு தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஊர் திரும்பிச் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானதும், பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றி நுழையலாம் என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் நிறைவேற வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவராகவும், அடுத்தவரின் சொல்லை நீதிபதிக்குப் புரியவைப்பவராகவும், சட்டம் செய்பவராகவும் மூன்று இடங்களில் நின்று நீதி நிர்வாகத்தைப் பார்த்தவர் அவர்.

அந்த 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் நம் கண்ணில் முதலில் படுவது சாலையும் கிணறும்தான். 'அரசு அலுவலகம்' என்ற சொல்லை நாம் எளிதாகக் கடந்து போய்விடுகிறோம். பிராது கொடுக்கப் போகும் இடத்துக்குள் நுழையவே தனித் தீர்மானம் தேவைப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நூறு ஆண்டுகள் நம் மக்களுக்கு நீதிமன்றம் எங்கே இருந்தது? யார் அதில் உட்கார்ந்திருந்தார்? அவருடைய அதிகாரம் எதுவரை சென்றது? இக்கேள்விகளை ராயக்கோட்டை என்ற ஒரே ஊரை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

ராயக்கோட்டையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இன்று அது தக்காளி மண்டிக்கும், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் பெயர்பெற்ற ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசப்படும் எல்லை மண். ஆனால் சென்னை மாகாணத்தின் கிராம நீதி முறையை வகுத்தவர், கிராமம் என்றால் என்ன என்பதை முதலில் கற்றுக்கொண்டது இந்தப் பாராமகால் சீமையில்தான்.

மன்றோ கண்ட கிராமம்

1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு திப்பு சுல்தானோடு ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. ராயக்கோட்டையும் அவற்றோடு வந்தது. ஓசூர்ப் பகுதி வந்து சேர இன்னும் ஏழு ஆண்டுகள், திப்புவின் வீழ்ச்சி வரை ஆயிற்று. ஆகவே 1792 முதல் 1799 வரை ராயக்கோட்டை கம்பெனி ஆட்சியின் விளிம்பில் நின்ற ஊர். அந்த விளிம்புக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் மைசூரின் சட்டம்.

பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக இருந்த இராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழாண்டுகள் இங்கே ஊர் ஊராகச் சுற்றி நிலம் அளந்து, தீர்வை வைத்து, ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். மன்றோ சாவடியில் உட்கார்ந்து பேசியது ஊர் மணியக்காரரோடும் கர்ணத்தோடும்தான். ஊரின் கணக்கு, வழக்கு, வழக்கம் எல்லாம் அவர்கள் வாய்வழியாகவே அவருக்கு வந்தன. சேரிக்காரர் அவர் கணக்கில் தலையாரியாக, வெட்டியானாக, நீர் பாய்ச்சுபவராக, பண்ணையாளாக வந்திருப்பார். ஊரைப் பற்றிச் சாட்சி சொல்லும் ஆளாக வந்திருக்க வாய்ப்பு குறைவு.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், 1814இல் அதே மன்றோ சென்னை மாகாணத்தின் நீதி முறையைச் சீர்திருத்தும் குழுவுக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். அதற்கு முன் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஜில்லாக் கோர்ட்டுகள் நடந்துவந்தன. அவை தொலைவில் இருந்தன, செலவு அதிகம், வழக்குகள் தேங்கின. இதெல்லாம் உண்மைதான். ராயக்கோட்டைக்காரர் சேலம் போக வேண்டுமானால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மன்றோ கண்ட தீர்வு, நீதியை ஊருக்கே கொண்டுபோவது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் அதற்காக வந்தன.

1816: பத்து ரூபாய் நீதிபதி

அந்த ஆண்டின் 4ஆவது ஒழுங்குமுறை, ஊர்த் தலைவரையே பதவிவழியாகக் கிராம முன்சீப் ஆக்கியது. பத்து ரூபாய் வரையுள்ள பண வழக்குகளையும் அசையும் பொருள் வழக்குகளையும் அவர் விசாரித்துத் தீர்க்கலாம். நில வழக்கு அவருக்கு இல்லை. அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. லஞ்சம் அல்லது அப்பட்டமான பாரபட்சம் என்று நிரூபித்தால் மட்டும் ஜில்லா நீதிபதி அதை ரத்துசெய்யலாம். 6ஆவது ஒழுங்குமுறை அவருக்கு மேலே ஜில்லா முன்சீப்பை வைத்தது. இன்று தாலுகாக்களில் நாம் பார்க்கும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தின் முன்னோர் அவர்தான்.

காகிதத்தில் இது ஏழைக்கு நல்ல ஏற்பாடு போலத் தெரியும். பக்கத்திலேயே கோர்ட், சிறிய தொகை, உடனே தீர்ப்பு. ஆனால் சேரியில் நின்று பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. நிலம் இல்லாதவருக்கு நில வழக்கு இல்லை. அவர் மீது வரக்கூடியது கடன் வழக்குதான். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய ஐந்து ரூபாயும் மூட்டைக் கேழ்வரகும் பத்து ரூபாய் வரம்புக்குள் அடங்கும். கடன் கொடுத்தவர் நிலமுள்ளவர். பல ஊர்களில் முன்சீப்புக்கு உறவுக்காரர், சில ஊர்களில் முன்சீப்பே. பாரபட்சம் என்று நிரூபிக்க வேண்டுமானால் அதே நூறு கிலோமீட்டர் நடந்து, தன் ஊர்த் தலைவர் மீதே குற்றம் சொல்லி, அதற்குச் சாட்சியும் கொண்டுபோக வேண்டும். பிறகு திரும்பி அதே ஊருக்கு வந்து அதே வயலில் இறங்க வேண்டும்.

இதைவிடக் கொடியது 11ஆவது ஒழுங்குமுறை. அது போலீஸ் பற்றியது. திட்டுதல், சிறு அடிதடி போன்ற அற்பக் குற்றங்களுக்கு ஊர்த் தலைவரே தண்டனை கொடுக்கலாம் என்றது. பொதுவாக அந்தத் தண்டனை கிராமச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்துவைப்பது. குற்றவாளி கீழ்ச்சாதியாராக இருந்து, அவருக்கு அப்படியொரு இழிவான தண்டனை பொருந்தும் என்று கருதினால், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் என்பது இரண்டு கனத்த கட்டைகளுக்கு நடுவே காலை வைத்துப் பூட்டும் கருவி. ஊர் நடுவே, எல்லோரும் பார்க்க, வெயிலில்.

சாதி வேறுபாட்டை ஊர் வழக்கம் என்றும், ஆங்கிலேயர் சட்டம் எல்லோருக்கும் சமம் என்றும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இங்கே சட்டமே, அச்சிட்ட ஒழுங்குமுறையே, ஒரே குற்றத்துக்குச் சாதியைப் பார்த்து இரண்டு தண்டனை வைத்தது. சாவடிக்குள் அடைக்கப்படுவது ஒருவருக்கு. சாவடிக்கு வெளியே கட்டையில் மாட்டப்படுவது மற்றவருக்கு. கோர்ட்டின் அதிகார எல்லை என்றால் எத்தனை ரூபாய், எத்தனை மைல் என்றுதான் சட்டப் புத்தகம் சொல்லும். நம் மக்களுக்கு மூன்றாவது எல்லை ஒன்று இருந்தது. அது அவர்கள் உடம்பு.

ஒரே ஆளிடம் மூன்று வேலை

கிராம முன்சீப் வரி வசூலிப்பவர். அவரே போலீஸ் பொறுப்பும் உடையவர். அவரே நீதிபதி. அவருக்குக் கீழே ஓடியாடி வேலை செய்தவர்கள் தலையாரியும் வெட்டியானும். வரி பாக்கிக்காரரைக் கூட்டிவருவது, தண்டோரா போடுவது, அதிகாரி வந்தால் சுமை தூக்குவது எல்லாம் அவர்கள் வேலை. இந்த வேலைகளில் பெரும்பகுதி நம் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. ஊர் நிர்வாகம் நம் கால்களில் நடந்தது, ஆனால் நம் வாயால் பேசவில்லை.

1889இல் கிராம நீதிமன்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முன்சீப்பின் வரம்பு இருபது ரூபாயாக உயர்ந்தது. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் இருநூறு ரூபாய் வரை போகலாம். சம்மதம் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பண்ணையாரிடம் பரம்பரைக் கடனில் இருப்பவர், பண்ணையாரின் சொந்தக்காரரான முன்சீப்பின் முன் கைநாட்டு வைத்துக் கொடுக்கும் சம்மதம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். 1895இல் வந்த பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அந்த நாற்காலியைத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாகச் சட்டப்படி உறுதிசெய்தது. அதே சட்டம் தலையாரி, வெட்டி வேலைகளையும் பரம்பரையாக்கியது. மேலே இருந்தவருக்கு அது உரிமை. கீழே இருந்தவருக்கு அது கட்டு.

எல்லைக்கு அப்பால்

இந்தக் கட்டிலிருந்து தப்ப நம் முன்னோர் கண்ட வழி, எல்லை தாண்டுவது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி மைசூர் சமஸ்தானத்தின் கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் அங்கே போயின. சுரங்கம் சொர்க்கம் அல்ல. பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் உயிர்கள் போயின. ஆனாலும் அங்கே ரொக்கக் கூலி இருந்தது. ஊர் முன்சீப்பின் சாவடி இல்லை. அவர் கொடுத்த டிக்ரி சமஸ்தான எல்லைக்கு அப்பால் அத்தனை எளிதில் நடந்துவராது.

அந்தக் கோலார் தங்கவயலில்தான் மாரிக்குப்பம் பௌத்த சங்கம் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்துதான் அச்சிட்டுப் பரப்பியது. ஒரு கோர்ட்டின் எல்லையிலிருந்து வெளியேறியவர்கள் சங்கம் கட்டினார்கள், இதழ் படித்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ராயக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் 'தங்கவயல் தாத்தா' என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருப்போம். அவர் பிழைப்புக்குப் போனார் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு நீதிபதியிடமிருந்தும் போனார்.

தொரப்பள்ளியும் 1938உம்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878இல் அங்கே பிறந்தவர் இராஜாஜி. அவர் தகப்பனார் அந்த ஊரின் முன்சீப். இந்த வட்டாரத்தின் முன்சீப் வீட்டுப் பிள்ளை சேலத்தில் வழக்கறிஞராகி, 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவர் ஆட்சியில்தான் 1938ஆம் ஆண்டின் சிவில் தகுதிக்குறைவு நீக்கச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா. தீண்டாமையின் பேரில் ஒருவருக்குப் பொது உரிமையை மறுக்கும் எந்த வழக்கத்தையும் எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்று அச்சட்டம் சொன்னது. 1816இல் சட்டம் சாதியைப் பார்த்துத் தண்டனை வைத்தது. 122 ஆண்டுகள் கழித்து, சாதி வழக்கத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காதே என்று நீதிமன்றத்துக்குச் சட்டம் உத்தரவிட்டது. இதன் பெருமை எம்.சி. ராஜாவுக்கு உரியது. அதே ஆண்டில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை இராஜாஜி ஆதரிக்க மறுத்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். நீதிமன்றக் கதவு திறந்த அளவுக்குக் கோயில் கதவு அன்று திறக்கவில்லை.

ஆனால் சட்டம் மாறியபோதும் சாவடியில் உட்கார்ந்திருந்தவர் மாறவில்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை ஊரில் முதலில் படித்திருக்க வேண்டியவர் அதே பரம்பரை முன்சீப்தான்.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

இதைத் தெளிவாகக் கண்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1932இல் பம்பாய்ச் சட்டசபையில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தது. பஞ்சாயத்துகளுக்கு நீதி விசாரிக்கும் அதிகாரமும் கொடுக்க அது முனைந்தது. அம்பேத்கர் எதிர்த்தார். சாதியால் பிளவுபட்ட ஊரில், ஊராரைச் சார்ந்து இருப்பவர் சுதந்திரமான நீதிபதியாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலும், கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதை அவர் நியாயப்படுத்திப் பேசினார். கிராமத்தைப் போற்றிய பலருக்கு அது கசந்தது. பஞ்சாயத்து வழிகாட்டு நெறியாக மட்டும் 40ஆவது பிரிவில் இடம்பெற்றது. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று 50ஆவது பிரிவு சொன்னது.

மன்றோ தூரத்தை மைலில் அளந்தார். அம்பேத்கர் ஆதிக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார். ராயக்கோட்டையின் வரலாறு இந்த இரண்டு அளவுகோல்களுக்கு இடையில்தான் நிற்கிறது.

நாற்காலி காலியான கதை

பரம்பரை முன்சீப் பதவியை முதலில் அசைத்தது ஓர் ஆந்திர வழக்கு. ஒரு கிராமம் பிரிக்கப்பட்டு, புதிய ஊருக்கு யார் முன்சீப் என்ற போட்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசுப் பதவியை வம்சாவளி பார்த்துக் கொடுப்பது அரசியலமைப்பின் 16ஆவது பிரிவுக்கு முரண் என்று 1960 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1968இல் பரம்பரைப் பதவிச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் பதவியில் இருந்தவர்கள் இருந்தார்கள். கடைசியாக 1980 நவம்பர் 14 அன்று, எம்.ஜி.ஆர். ஆட்சியில், அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் முன்சீப், கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1982இல் நீதிமன்றம் அரசின் முடிவைச் செல்லும் என்றது. கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய பதவி வந்தது. அதற்குத் தகுதி பள்ளிப் படிப்பு. இட ஒதுக்கீடும் உண்டு. 164 ஆண்டுகளாக ஓர் ஊரின் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றிய நாற்காலியில் சேரிப் பிள்ளை தேர்வெழுதி உட்கார வழி பிறந்தது. இதை ஒரு நிர்வாகச் சீர்திருத்தம் என்று கடந்துபோகக் கூடாது. நம் விடுதலை வரலாற்றின் தேதிகளில் அதுவும் ஒன்று.

தூரத்தின் விலை

இன்று சாவடி இல்லை. ராயக்கோட்டைக்காரருக்குத் தேன்கனிக்கோட்டையில் உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. ஓசூரில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. ஊர் ஆதிக்கத்திலிருந்து நீதிபதி விலகி உட்கார்ந்திருக்கிறார். அம்பேத்கரின் அளவுகோலில் இது பெரிய முன்னேற்றம். மன்றோவின் அளவுகோலில் பழைய தொல்லை திரும்பி வந்திருக்கிறது. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துச் செலவு, குமாஸ்தா செலவு, சாப்பாடு. சாட்சிக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. வாய்தா தள்ளிப் போனால் எல்லாம் இரண்டு மடங்கு. எதிர்த்தரப்பு காரில் வருகிறது, காத்திருக்கவும் அதனால் முடிகிறது.

இந்த வட்டாரம் தூரத்தின் இரண்டு முகங்களையும் பார்த்திருக்கிறது. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஒரு பழங்குடி ஊரையே சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அருகில் இருந்த அதிகாரிகள் எவரும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே சொன்னார்கள். உண்மை வெளிவந்தது வெளியிலிருந்து வந்தவர்களால். கட்சித் தோழர்கள், தேசிய ஆணையத்தின் சார்பில் விசாரித்த பாமதி, 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்ட உயர் நீதிமன்றம். வழக்கு நீதிமன்றம் விட்டு நீதிமன்றம் மாறி, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றத்தில் தீர்ப்பானது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தூரத்தில் இருந்த நீதி வந்தது. வர முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின. அந்தப் பெண்கள் நேரில் போய்ச் சாட்சி சொன்னதால்தான் அது வந்தது.

மற்றொன்று 2018 நவம்பரில். ஓசூர் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த தலித் இளைஞரும், அவர் மணந்த வேறு சாதிப் பெண்ணும் கடத்தப்பட்டனர். அவர்கள் உடல்கள் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் கிடைத்தன. அந்த இளைஞர் போட்டிருந்த சட்டையில் ஊர்ப் பெயரும் அம்பேத்கர் படமும் இருந்ததால் கர்நாடகப் போலீசாருக்கு அவர் எந்த ஊர் என்று தெரிந்தது. நம் தாத்தாக்கள் பிழைக்கத் தாண்டிய அதே எல்லையை, கொன்றவர்கள் மறைக்கத் தாண்டினார்கள். கடத்தல் தொடங்கிய இடம், கொண்டுபோன இடம், அடைத்துவைத்த இடம் எதிலும் வழக்கை விசாரிக்கலாம் என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. ஆனால் பிள்ளையைக் காணவில்லை என்று நிலையம் நிலையமாக அலைகிற பெற்றோருக்கு, 'இது எங்கள் எல்லை இல்லை' என்ற ஒரு வாக்கியம் போதும், நாட்கள் ஓடிவிடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இதை எல்லை வட்டாரத்துச் சேரிகளில் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

பழையபடி ஊர்ப் பஞ்சாயத்துக்கே நீதியைக் கொடுத்துவிடலாம் என்று அவ்வப்போது நல்லெண்ணத்தோடு சிலர் பேசுகிறார்கள். கட்டப்பஞ்சாயத்து என்ற பெயரில் அது நடந்துகொண்டும் இருக்கிறது. தொழுமரத்தின் வரலாறு தெரிந்தவர்கள் அதற்குத் தலையாட்ட முடியாது. அதற்காக இப்போதுள்ள தூரத்தையும் விதி என்று ஏற்க வேண்டியதில்லை. மைலில் பக்கத்திலும், ஊர் ஆதிக்கத்திலிருந்து தொலைவிலும் இருக்கும் நீதிமன்றம் நமக்கு வேண்டும். 2008ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டம் அப்படி ஓர் எண்ணத்தோடுதான் எழுதப்பட்டது. அதில் உட்கார்பவர் ஊர்ப் பெரியவர் இல்லை, முதல் வகுப்பு நடுவருக்குரிய தகுதி கொண்ட நீதித்துறை அதிகாரி. அவர் ஊர்களுக்கு வந்து விசாரிக்கலாம். குறைந்தபட்சக் கூலி, கொத்தடிமை ஒழிப்பு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டங்களின் கீழ் வரும் குற்றங்கள் அவர் வரம்புக்குள் வருகின்றன. செங்கல் சூளையும் கல்குவாரியும் ஒப்பந்தத் தொழிலும் நிறைந்த நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன?

கையில் இருக்கும் சட்டத்தையும் நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் சாட்சிகளுக்கும் விசாரணைக்குப் போய்வர ரயில் அல்லது பேருந்துக் கட்டணம் தர வேண்டும். அந்த நாளின் கூலிக்கு ஈடாக, விவசாயத் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை தர வேண்டும். இது சலுகை இல்லை. ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் உள்ள தூரத்தின் விலையை அரசே ஏற்க வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. இதைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பங்கள் எத்தனை? நம் மன்றம் செய்யக்கூடிய எளிய வேலை, அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த வரலாற்றில் நாம் சொன்ன ஒழுங்குமுறைகளும் சட்டங்களும் அரசின் ஏடுகளில் இருக்கின்றன. தொழுமரத்தில் உட்கார்ந்தவரின் சொல் எங்கும் இல்லை. ஆனால் நம் வீடுகளின் பழைய தகரப் பெட்டிகளில் சம்மன் துண்டு இருக்கலாம், கடன் பத்திரம் இருக்கலாம், ஜப்திக்குப் போன அண்டாவைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை இருக்கலாம். அது தமிழிலும் இருக்கும், தெலுங்கிலும் இருக்கும், கன்னடத்திலும் இருக்கும். அவற்றைத் திரட்டி, தேதி போட்டு, ஊர் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவருக்குப் புரியும் மொழியில் நீதிபதியின் முன் வைப்பதுதான் தென்னாப்பிரிக்காவில் இரட்டைமலையார் செய்த வேலை. அந்த வேலை இன்னும் முடியவில்லை. ராயக்கோட்டையில் அதை நாம் தொடர்வோம்.